சத்துப் பொடிக்கு மசியாத வைரஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த மூலிகைப் பொடி விளம்பரம் பற்றி இந்தக் கடிதம். எதிர்ப்பு சக்தி கூடினால் எந்த வைரஸும் நிற்காது என்று போட்டு, பட்டியலில் ஹெச்.ஐ.வி.யையும் சேர்த்திருந்தார்கள். ரத்தத்தில் சிடி4 வகை எதிர்ப்பு செல்கள் எத்தனை என்று எண்ணும், அதாவது சிடி4 கவுண்ட் எடுக்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்படிப் பொடியை நம்பி, ஹெச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையை விட்டுவிட்டு, எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஊதா மூடிக் குழாயில் வரும் ரத்தத்தில், ஒளிரும் சாயம் ஏற்றிய ஆன்டிபாடி என்ற ஒட்டும் புரதத்தைக் கலப்போம். டி செல் என்ற எதிர்ப்பு செல்லின் மேற்பரப்பில் சிடி4 என்ற ஏற்பிப் புரதம் இருந்தால் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். லேசர் பட்டு மின்னுகிற செல்களைக் கருவி எண்ணிச் சொல்லும். அவ்வளவுதான் கவுண்ட்.

அதே சிடி4தான் வைரஸுக்கும் வாசல். தன் உறையிலுள்ள ஜிபி120 புரதத்தால் அதைப் பிடித்துத்தான் உள்ளே நுழைகிறது. நுழைந்தபின் செய்வதுதான் விசேஷம். நெஃப் என்றொரு சின்னப் புரதம், செல்லின் மேலிருக்கும் சிடி4ஐ உள்ளே இழுத்துச் சிதைய வைக்கிறது. புதிதாகத் தயாராகும் சிடி4ஐ மேலே வரவிடாமல் பார்த்துக்கொள்வது விபியு என்ற இன்னொரு புரதம். வந்த வாசலையே ஏன் பெயர்க்க வேண்டும்? அது அங்கே இருந்தால், வெளியேறப் பார்க்கும் புது வைரஸ்கள் அதிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும்.

அப்புறம் ஹெச்.எல்.ஏ. என்ற மூலக்கூறுகள். செல்லுக்குள் வைரஸ் இருப்பதை, கொல்லவரும் டி செல்களுக்குக் காட்டிக்கொடுப்பவை இந்த மூலக்கூறுகள்தான். அவற்றில் ஏ, பி வகைகளை நெஃப் மேற்பரப்பிலிருந்து குறைத்துவிடுகிறது. எல்லாவற்றையும் எடுத்தால், ஹெச்.எல்.ஏ. இல்லாத செல்லைத் தேடிக் கொல்லும் என்.கே. செல்களுக்குச் சந்தேகம் வந்துவிடும் என்பதால் சி வகையை மட்டும் தொடுவதில்லை. நம்மூரில் போலிப் பத்திரம் தயாரிப்பவர்கள்கூட இவ்வளவு யோசிப்பார்களா தெரியவில்லை.

நெஃப் குறைபட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில், 1980களின் தொடக்கத்தில், ஒரே கொடையாளரின் ரத்தம் ஏற்றித் தொற்று வந்த சிலர் பல வருடங்கள் நோயில்லாமல் இருந்தார்கள். அவர்களிடமிருந்த வைரஸில் நெஃப் மரபணுவின் ஒரு பகுதியே இல்லை என்று 1995இல் தெரியவந்தது. அவர்களிலும் சிலருக்குப் பின்னாளில் கவுண்ட் இறங்கத்தான் செய்தது.

ஆக, எதிர்ப்பு செல்களைப் பெருக்கி என்ன செய்வது? தேடிப் போகிற இடத்தில் அடையாளமே மங்கிக் கிடக்கிறதே. போதாக்குறைக்கு, தூண்டிவிட்ட சிடி4 செல்களில்தான் இந்த வைரஸ் செழித்து வளரும். ஏ.ஆர்.டி. மாத்திரை இந்த வழிக்கே போவதில்லை. வைரஸ் பெருகத் தேவையான நொதிகளை நேராகத் தடுக்கிறது. 2004 ஏப்ரலில் தாம்பரம் சானடோரியம் உள்ளிட்ட இடங்களில் இலவசமாகத் தொடங்கியது. 2017 முதல், தொற்று உறுதியானால் கவுண்ட் எவ்வளவு என்று காத்திராமல் கொடுக்கிறார்கள்.

குணப்படுத்துவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாத நோய்களின் பட்டியல் ஒன்று மருந்து விதிகளில் ஜே அட்டவணையாக இருக்கிறது. எய்ட்ஸ் அதில் உண்டு. விளம்பரப் பிரிவில் இருப்பவர்கள் அதை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். பொடிக்காரர் எடுத்துக்கொண்ட இடத்தில் கால்வாசி போதும், 1097 என்ற இலவச உதவி எண்ணை அச்சிட.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லேப் டெக்னீஷியன்,
திண்டுக்கல்.