எங்கள் மலை ரயில் சர்வர் அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்கள் இருவருக்கும் அக்காவுக்கும்,

குன்னூரிலிருந்து உங்கள் தண்டவாளக்காரன் எழுதுகிறேன். நம் சர்வர் விழுந்ததைப் பற்றி குரூப்பில் சொன்னால் இரண்டு நிமிடத்தில் ஸ்டிக்கர்களுக்கு அடியில் போய்விடுகிறது. அதனால்தான் மடல். சர்வரில் விளையாடும் மற்ற பத்துப் பேரும் படிக்கட்டும் என்று திறந்தே வைக்கிறேன்.

கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டில் மேட்டுப்பாளையம் – ஊட்டி ரயில் பாதையைக் கட்டுவது என்று போன வருடம் இறங்கினோம். நிஜப் பாதை 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை, 250 பாலம். நாம் அதைச் சுருக்கிப் போட்டும் இப்போதுதான் ஹில்குரோவ் ஸ்டேஷன் வந்திருக்கிறோம். அதற்குள், ரயில் ஓட்ட உதவும் கிரியேட்டில் ஆரம்பித்து, மாட் (விளையாட்டோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் நிரல்) எண்ணிக்கை 120-ஐத் தொட்டுவிட்டது. போனில் நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்ட பாட்டி, "நூத்தி இருபது மாட்டுக்கு எவன்டா தீவனம் போடுறான்?" என்றார். நியாயமான கேள்விதான். போன சனிக்கிழமை இராத்திரி அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது.

அன்று நான்கு பெட்டிகளோடு வண்டி ஹில்குரோவ் தண்ணீர்த் தொட்டியை நெருங்கியபோது சர்வர் விழுந்தது. திரும்ப ஏற்றினால் திரும்ப விழுந்தது. ஒவ்வொரு தடவையும் கிராஷ் ரிப்போர்ட் (ஏன் விழுந்தது என்ற குறிப்பு) ஃபோல்டரில் ஒரு ஃபைல் புதிதாக வந்து உட்கார்ந்தது. அதைத் திறந்து படித்தது யார் என்று மட்டும் கேட்கிறேன். மேலே வழக்கம்போல மைன்கிராஃப்ட் தன் பங்குக்கு ஒரு ஜோக் அடித்திருந்தது. அதற்குக் கீழே 'டிக்கிங் என்டிட்டி' என்று காரணம், அதாவது உலகத்தில் நகரும் ஏதோ ஒரு பொருளை (என்டிட்டி) இயக்கும்போது விழுந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் கீழே வந்தால், எந்த என்டிட்டி என்பதற்கு கிரியேட்டின் ரயில் பெட்டி என்று பதில், அது நின்ற இடத்தின் எக்ஸ், ஒய், இசட் எண்களோடு. அதாவது எந்தப் பொருள், எந்த இடம் என்று விளையாட்டே சொல்லிவிட்டது. கிராஷைச் சமாளிக்கும் எந்த உதவி மாட்டும் இல்லாமலே.

நீங்கள் அதைப் படிக்காமல் உதவி மாட் தேடப் போனீர்கள். முதலில் வந்தது, பழுதான என்டிட்டியை மட்டும் உறையவைத்துவிட்டு உலகத்தைத் திறந்துவிடும் வகை. நல்ல மாட், தன் வேலையைச் சரியாகவே செய்தது, உலகம் திறந்தது. எல்லோரும் கை தட்டினோம், நானும்தான். ஆனால் வண்டி தொட்டிக்குப் பக்கத்தில் சிலையாக நின்றது. அடுத்த பெட்டியை இறக்கியதும் அதுவும் நின்றது. அப்புறம் இன்னொரு உதவி மாட், அதற்கு மேல் இன்னொன்று. ஞாயிறு மாலைக்குள் ஐந்து. அதில் இரண்டு ஒரே கிராஷைப் பிடிக்க ஒன்றோடொன்று மோதின. இப்போது வரும் ரிப்போர்ட்டில் பாதி வரிகள் அந்த உதவி மாட்களின் பெயர்தான். குற்றவாளியைத் தேடப் போன இடத்தில் போலீஸ்காரர்களின் காலடித் தடம்.

நான் சொல்ல வந்தது இதுதான். உதவி மாட்டில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, நடந்ததைச் சொல்லும். இன்னொன்று, நடந்ததை மூடிவைத்து வண்டியை ஓட்டும். முதல் வகையில் ஒன்றை எப்போதும் வைத்திருங்கள். இரண்டாவது வகையை உலகத்தைக் காப்பாற்ற ஒரே ஒரு இராத்திரிக்குப் போடுங்கள், அதுவும் வேர்ல்டு ஃபோல்டரைக் காப்பி எடுத்த பிறகு. உறைந்த பெட்டியை அகற்றியதும் அந்த மாட்டையும் எடுத்துவிடுங்கள்.

நம் ஊர் வண்டியையே பாருங்கள். கல்லாறில் இருந்து குன்னூர் வரை இன்ஜின் பின்னால் நின்று தள்ளுகிறது, டிரைவருக்கு முன்பாதை தெரியாது. பெட்டிக்கு ஒருவராக நிற்கும் பிரேக்ஸ்மேன்களின் கொடிதான் அவருக்குக் கண். மழைக்காலத்தில் பாதையில் கல் கிடந்தால் முன்பெட்டியில் இருப்பவர் சிவப்பைக் காட்டுவார், பின்னால் இருப்பவர்கள் அதை வாங்கிக் காட்டுவார்கள், வண்டி நிற்கும். அவர் கொடியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு "இப்போது சத்தமே இல்லை, நன்றாகப் போகிறது" என்று யாரும் சொல்வதில்லை.

சரி, எதை வைப்பது? நம்முடையது மைன்கிராஃப்ட் 1.20.1, மாட்களை ஏற்றும் ஃபோர்ஜ், ஜாவா 17. எந்த உதவி மாட்டையும் இந்த மூன்றோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும். ஃபேப்ரிக் என்ற வேறு ஏற்றிக்குச் செய்ததைப் போட்டுவிட்டு அதற்கு இன்னொரு உதவி தேடக் கூடாது (இதையும் செய்தோம், பெயர் சொல்ல மாட்டேன்). விளையாடுபவர்களின் கணினிக்கு என் ஓட்டு கிராஷ் அசிஸ்டன்ட் என்ற மாட்டுக்கு. கிராஷ் ஆனதும் ஒரு ஜன்னல் திறந்து லாக் ஃபைல்களை (நடந்தவற்றின் பதிவு) எடுத்துக் கொடுக்கிறது, மாட் பட்டியலில் எது கூடியது, எது குறைந்தது என்றும் காட்டுகிறது. பதினான்கு பேரில் பாதிப் பேர் சொல்லாமல் ஆளுக்கொரு மாட் சேர்ப்பவர்கள் என்பதால் நமக்கு அதுதான் முக்கியம். நாட் எனஃப் கிராஷஸ் என்ற மாட்டைக் கேட்டு இரண்டு பேர் கை தூக்கினார்கள். கிராஷ் ஆனாலும் மூடாமல் முதல் திரைக்குக் கொண்டுவரும், சந்தேகப்படும் மாட்களின் பெயரையும் காட்டும். நல்லதுதான், ஆனால் அது சந்தேகப் பட்டியல். பெயர் வந்த மாட் அடி வாங்கியதாகவும் இருக்கலாம், அடித்ததாகவே இருக்க வேண்டியதில்லை. எது வேண்டுமோ பேசி முடிவு செய்யுங்கள், இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள்.

ஸ்பார்க் மாட் சர்வரில் இருக்கட்டும். ஆனால் அது கிராஷுக்கான மருந்து இல்லை, லேகுக்கு (சர்வர் மெதுவாவதற்கு). சர்வர் விநாடிக்கு 20 டிக் (உலகத்தை ஒரு படி நகர்த்துவது) அடிக்க வேண்டும், ஒரு டிக்குக்கு 50 மில்லிவிநாடிதான் கணக்கு. அதைத் தாண்டும்போது நேரத்தைத் தின்பது யார் என்று ஸ்பார்க் சொல்லும். சனிக்கிழமை அதை ஓட்டிவிட்டு "எல்லாம் பச்சையாகத்தான் இருக்கிறது" என்றீர்களே அக்கா, பச்சையாகத்தான் இருக்கும். கால் உடைந்தவனுக்குக் காய்ச்சல் பார்த்தால் நார்மல்தானே காட்டும்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். தெரியாத டெலிகிராம் சேனலில் வரும் "எல்லா எரரும் சரியாகும்" ஜார் ஃபைல் (மாட் வரும் ஃபைல்) வேண்டாம். 2023 ஜூனில் ஃபிராக்ச்சரைசர் என்ற வைரஸ், மாட்கள் கிடைக்கும் தளமான கர்ஸ்ஃபோர்ஜில் இருந்த மாட்களுக்குள்ளேயே புகுந்து லாகின் விவரங்களைத் திருடியது. காவல் உள்ள இடத்திலேயே அப்படி என்றால் காவலே இல்லாத இடத்தை யோசியுங்கள்.

கடைசியில் நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்டீர்கள். திங்கட்கிழமை கரண்ட் இருந்த மூன்று மணி நேரத்தில், சர்வரின் காப்பி ஒன்றை என் கணினியில் வைத்து, ஐந்து உதவி மாட்களையும் தூக்கினேன். மீதியில் பாதியை வெளியே எடுத்து ஓட்டினேன், விழுந்தால் குற்றவாளி உள்ளே இருக்கும் பாதியில், விழாவிட்டால் வெளியே இருக்கும் பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கினேன். 120 மாட்டுக்கு ஏழு சுற்றுதான். மற்ற மாட்கள் நம்பியிருக்கும் லைப்ரரிகளை மட்டும் எடுக்கக் கூடாது, எடுத்தால் வேறு காரணத்துக்கு விழுந்து குழப்பும். ஏழாவது சுற்றில் மாட்டியது, பெட்டிக்கு ஜன்னல் திரை போடும் ஒரு சின்ன மாட். அது கிரியேட் 6-க்காக எழுதியது, நாம் இன்னும் பழைய கிரியேட்டில் இருக்கிறோம். லாக் ஃபைலில் முதல் நாளே அதைப் பற்றி ஒரு எச்சரிக்கை வரி இருந்திருக்கிறது. திரையைச் சேர்த்தவன் நான்தான். இதையும் திறந்த மடலில்தானே சொல்ல வேண்டும்.

இந்தச் சனிக்கிழமை எட்டு மணிக்கு, ஐந்தையும் எடுத்துவிட்டு, திரை இல்லாமல் வண்டியை ஹில்குரோவிலிருந்து எடுத்துப் பார்க்கலாமா? ரன்னிமேடு வரை தண்டவாளம் போட்டு வைத்திருக்கிறேன். மழை வந்து கரண்ட் போனால் ஞாயிறு காலை.

இப்படிக்கு,
தண்டவாளக்காரன், குன்னூர்