காயல்பட்டினத்துல பெஞ்ச 95 செ.மீ. மழை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2023 டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல கிட்டத்தட்ட 95 செ.மீ. மழை கொட்டுச்சு, தூத்துக்குடி மாவட்டத்துல ஒரு வருஷம் பூரா பெய்யுற மழைய விட அது ஜாஸ்தி, இத்தனைக்கும் அது பேரு வச்ச புயல் கூட இல்ல, குமரிக்கடல் பக்கம் நின்ன காத்து சுழற்சிதான். ஸ்ரீவைகுண்டத்துல ட்ரெய்ன்ல வந்த நூத்துக்கணக்கான ஜனங்க வெள்ளத்துக்கு நடுவுல மாட்டி தவிச்சாங்க, ஏரல் பக்கம் தாமிரபரணி ஊருக்குள்ளயே வந்துருச்சு.

இத "நூறு வருஷத்துக்கு ஒருக்கா வர்றது"ன்னு சொல்லி விட்டுட முடியாதுங்க. ஒரு டிகிரி சூடு ஏறுனா காத்து சுமார் 7 சதவீதம் கூடுதலா ஈரத்த பிடிச்சு வைக்கும், கடலும் சூடாயிட்டே போகுது, அப்போ பழைய மழைக் கணக்க வச்சு கட்டுன பாலமும் வடிகாலும் எப்படி தாங்கும்? இதே அளவு மழை, தாமிரபரணிக்கு தண்ணி விடுற பாபநாசம், மணிமுத்தாறு அணைகளுக்கு மேல மலையில ரெண்டு மூணு நாள் நின்னு பெஞ்சா என்ன ஆகும்னு நினைச்சாலே பயமா இருக்கு.

குளங்க மறுகால் பாயுற ஓடைய எல்லாம் ஆக்கிரமிப்பு எடுத்து அளந்து கல்லு நடணும். எந்தத் தெருவுல எவ்வளவு தண்ணி ஏறும்னு மேப் போட்டு பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒட்டணும். அணை திறக்குறதுக்கு முன்னாடியே, கரண்ட் போனாலும் டவர் போனாலும் கேக்குற மாதிரி ஆத்தோர ஊருங்கள்ல சைரன் வேணும். அடுத்த ஐப்பசிக்குள்ள செய்ங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தூத்துக்குடி