கடலுக்குக் கேட் போட்ட ஊர்

அன்புள்ள ரங்கா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. பிசியோதெரபிக்காரர் சொல்வதைக் கேள். "எனக்குத் தெரியும்" என்று அவரிடமும் ஆரம்பித்துவிடாதே.

சபீனா பார்க் கிரிக்கெட் மைதானத்தைப் பார்த்தாயா என்று கேட்டிருக்கிறாய். இல்லையப்பா. அது கிங்ஸ்டனில் இருக்கிறது. மகள் எங்களை அழைத்துப் போனது ஜமைக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள மான்டீகோ பே நகருக்கு. ஆனாலும் 1976-ல் சபீனா பார்க்கில் வெஸ்ட் இண்டீஸோடு நாம் ஆடிய டெஸ்டை நான் விடவில்லை. காயம்பட்ட ஐந்து பேர் மட்டை பிடிக்க வராமலேயே நம் இரண்டாவது இன்னிங்ஸ் 97-ல் முடிந்ததே, அதை டாக்ஸி டிரைவரிடம் எடுத்துவிட்டேன். அவருக்கும் நம் வயதுதான். "ஹோல்டிங்!" என்று அவர்கள் வேகப்பந்து வீச்சாளரின் பெயரைச் சொல்லி ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரித்தார். அதோடு நண்பராகிவிட்டார்.

கடலை எப்படிச் சொல்ல? கரையோரம் கண்ணாடி, கொஞ்சம் தள்ளி மயில்கழுத்துப் பச்சை, பவளப்பாறையைத் தாண்டியதும் சட்டென்று கருநீலம். இந்தக் கலரில் ஒரு பட்டுப்புடவை கிடைத்தால் தேவலை என்றாள் என் மனைவி. வழக்கம்போல் எனக்குக் காது கேட்கவில்லை.

ஹோட்டலில் நுழைந்ததும் மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் பட்டையை மாட்டிவிடுகிறார்கள். அது இருந்தால் சாப்பாடு, மது, கடல் எல்லாம் நம்முடையது. இந்த ஹோட்டல் நிற்கும் கரையில்தான் சின்ன வயதில் நீச்சல் கற்றாராம் டிரைவர். இன்று அங்கே கால் நனைக்க அவர் பணம் கட்டி பாஸ் வாங்க வேண்டும். கரையோரம் அரசுக்குச் சொந்தம், பொதுமக்களுக்கு அங்கே பொதுவான உரிமை எதுவும் கிடையாது என்று 1956-ல், வெள்ளைக்காரன் ஆண்டபோது, ஒரு சட்டம் போட்டார்கள். 1962-ல் சுதந்திரம் வந்தது; சட்டம் அப்படியே இருக்கிறது. இப்போது அதை எதிர்த்து ஊர்க்காரர்கள் கோர்ட் படியேறியிருக்கிறார்கள். மெரினாவுக்குள் போக நம்மிடம் யாராவது கையைத் தூக்கிக் காட்டச் சொன்னதுண்டா? (ஈ.சி.ஆர். பக்கம் நிலவரம் எப்படிப் போகுமோ, அது வேறு கதை.)

ஒருநாள் டிரைவர் வீட்டு வழியாகப் போனோம். தகர வேலி. பாதி கட்டிய வீடு, மொட்டைமாடியில் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. காசு வரவர ஒவ்வொரு அறையாகக் கட்டுவார்களாம். வாசலில் இரண்டு நீல பிளாஸ்டிக் பீப்பாய்கள், நிறைய மழைத்தண்ணீர். வெளிநாட்டில் வேலை பார்க்கும் தங்கை அரிசி, சோப்பு, பள்ளிக்கூட ஷூ எல்லாம் அடைத்துக் கப்பலில் அனுப்பிய பீப்பாய்கள் அவை. தங்கையின் பிள்ளைகள் பாட்டியிடம் வளர்கிறார்கள். இப்படி வளரும் பிள்ளைகளுக்கு 'பீப்பாய்ப் பிள்ளைகள்' என்றே அங்கே பெயர். கடைக்குட்டி தன் ஷூவைக் காலோடு தூக்கிக் காட்டினான். இரண்டு சைஸ் பெரிது.

சாப்பாட்டு மேஜையிலும் சரித்திரம்தான். சீமைப்பலா சுட்டு வைத்திருந்தார்கள், அருமையாக இருந்தது. கரும்புத் தோட்ட அடிமைகளுக்கு மலிவாக வயிறு நிரப்ப 1793-ல் கேப்டன் பிளை என்பவர் பசிபிக் தீவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த கன்றுகளின் வம்சம் அது. அடிமை முறை ஒழிந்தபின் 1845 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் நாட்டவர்கள் விட்டுச்சென்றது ஆட்டுக்கறிக் குழம்பு. இன்று கல்யாண வீட்டில் அது இல்லாமல் முடியாதாம்.

மகளோடு ஒரு ராத்திரி வாக்குவாதம். "ஹோட்டல் இல்லாவிட்டால் இவர்களுக்கு வேலை ஏதுப்பா?" என்றாள். நியாயம்தான். எங்கள் அறையைப் பெருக்கும் பெண்ணும் அதையேதான் சொன்னாள். ஆனால் வேலை கொடுத்ததற்குக் கடலை எடுத்துக்கொள்வது எந்தக் கணக்கு என்று எனக்குப் புரியவில்லை. அதற்கு மகளிடமும் பதில் இல்லை, தூக்கம் வருகிறது என்று போய்விட்டாள். நானும் மறுநாள் அதே பட்டையோடு அதே கடலில் இறங்கத்தான் செய்தேன்.

சரி, உனக்கு ப்ளூ மவுன்டன் காப்பிப்பொடி ஒரு பாக்கெட் வாங்கியிருக்கிறேன். விலையைக் கேட்காதே. நம் டிகாஷனுக்கு இது ஒத்துவராது என்று தோன்றுகிறது. சிக்கரி கலந்து பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
சீனு