படத்தில் இருப்பவர் சார்ஜண்ட் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறையில் பேத்தியோடு ஒரு போர்க்காலப் படக் கண்காட்சிக்குப் போனேன். எங்கே என்பது வேண்டாம். பிரிட்டிஷ் மாலுமி ஒருவரின் படத்துக்குக் கீழே ‘பயிற்சியில் இருக்கும் சார்ஜண்ட்’ என்று போட்டிருந்தார்கள். அவர் பயிற்சியிலும் இல்லை, சார்ஜண்டும் இல்லை.

என் அப்பா போருக்குப் பிறகு சிங்கப்பூரின் செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் நேவல் பேஸில் (கடற்படைத் தளத்தில்) சலவைக்காரர். அந்த உடுப்பைத் துவைத்தே எங்களை வளர்த்தார். கையில் மூன்று வளைபட்டைகள் இருந்தால் தரைப்படையில் சார்ஜண்ட். பிரிட்டிஷ் கடற்படையில் இடது கையில் இருக்கும் அது நன்னடத்தைப் பட்டை: போர்க்காலத்தில் 3 ஆண்டில் ஒன்று, 8இல் இரண்டாவது, 13இல் மூன்றாவது. பதவியைச் சொல்வது அதற்கு மேலே இருக்கும் நங்கூரம். படத்தில் இருப்பவருக்கு மூன்று பட்டைகள் உண்டு, நங்கூரமே இல்லை. 13 வருஷம் பதவி உயர்வு இல்லாமல் உழைத்த மனிதர். ‘13 வருஷம் தப்பு செய்தும் மாட்டிக்கொள்ளாதவன்’ என்று மாலுமிகளே கேலி செய்வார்களாம்.

தொப்பிப் பட்டையில் கப்பலின் பெயர் இல்லாமல், பிரிட்டிஷ் போர்க்கப்பல் பெயர்களுக்கு முன்னால் வரும் ‘எச்.எம்.எஸ்.’ மட்டும் இருந்ததால் பயிற்சி மாலுமி என்று நினைத்துவிட்டார்கள் போல. போர்க்காலத்தில் எல்லோருக்குமே அப்படித்தான். எந்தக் கப்பல் துறைமுகத்தில் நிற்கிறது என்று தொப்பியைப் பார்த்து ஒற்றன் கண்டுபிடிக்கக் கூடாதே! 1941 டிசம்பர் 8ஆம் தேதி இங்கிருந்து கிளம்பி, 10ஆம் தேதி குவாந்தான் பக்கம் மூழ்கிய ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ கப்பல்களின் மாலுமிகளுக்கும் அதே மாதிரித் தொப்பிப் பட்டைதான்.

அப்பாவுக்குப் பெரிய தலைவலி அந்த நீலக் காலர். தனியாகக் கழற்றித் துவைக்க வேண்டும். புதுக் காலர் என்றால் சாயம் இறங்கி, ஓரத்து மூன்று வெள்ளைக் கோடுகளும் நீலமாகிவிடும். ஆனால் புதுப் பையன்கள், ‘வெளுத்துக் கொடு’ என்று கெஞ்சுவார்களாம். வெளிறிய காலர் போட்டால்தான் கடலில் பழுத்தவன் மாதிரி இருக்கும். அந்த மூன்று கோடுகள் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் மூன்று வெற்றிகள் என்று அப்பா கடைசிவரை நம்பினார். அதற்கு ஆதாரமில்லை; அவரிடம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அங்கிருந்த வருகையாளர் நோட்டில் இதையெல்லாம் எழுதிவிட்டுத்தான் வந்தேன். போன வாரம் மறுபடி போனபோதும் அட்டை அப்படியே இருந்தது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
பழைய செம்பவாங்வாசி, ஈசூன்