கதை எழுத ஆசைப்படுற பிள்ளைங்களுக்கு

வணக்கம் ஆசிரியர் ஐயா,

ஞாயிறு பதிப்புல புதுசா எழுதுறவங்க சிறுகதைய நான் விடாம படிக்கிறேன், ரொம்ப சந்தோஷம், ஆனா கதையில வர்றவங்க எல்லாம் சென்னைக்காரங்க மாதிரியே பேசுறாங்க. நம்ம மலேசியாவுல, கோலாலம்பூர் செந்தூல் பிளாட்ல இருக்கிற அம்மா சந்தைக்கு போறத பாசாருக்கு போறேன்னு தானே சொல்லும், தோட்டத்து தாத்தா ரப்பர் மரத்த கித்தா மரம்னு தானே சொல்லுவாரு, அத அப்படியே எழுதுங்க பிள்ளைங்களா.

விஷயம் இல்லனு மட்டும் சொல்லாதீங்க. 1942-43ல ஜப்பான்காரன் சயாம்ல (இப்ப தாய்லாந்து) இருந்து பர்மாவுக்கு ரயில் போட நம்ம தோட்டத்து ஆளுங்கள ஆயிரக்கணக்குல கொண்டு போனான், 415 கிலோமீட்டர் தண்டவாளம், எத்தனையோ பேரு திரும்பவே இல்ல. வீட்ல பாட்டி இருந்தா அவங்க அப்பா அம்மா பத்தி கேளுங்க, போன்ல ரெக்கார்ட் பண்ணி வைங்க, ஆனா கேட்டத எல்லாம் ஒரே கதையில கொட்டாதீங்க, ஒரு ராத்திரி, ஒரு ஆளு, ஒரு தகரப்பெட்டி போதும்.

எழுதினதும் அனுப்பிடாதீங்க. 2 வாரம் மூடி வச்சிட்டு சத்தமா வாசிங்க, நாக்கு எங்க தடுக்குதோ அங்க வெட்டுங்க. என் முதல் கதை 3 தடவ திரும்பி வந்துச்சு, முதல் பக்கம் முழுக்க மழை வர்ணனை, அத தூக்கின பிறகு தான் அச்சுல பார்த்தேன், அன்னிக்கு அழுதுட்டேன்.

1924ல ஆரம்பிச்ச நம்ம தமிழ் நேசன் பத்திரிகையே 2019ல நின்னு போச்சு, கதை போட இடம் குறையுது. அதனால ஐயா, நீங்க போடாத கதைக்கும் ஏன் போடலனு ஒரு வரி எழுதி அனுப்புனீங்கனா அந்த பிள்ளை அடுத்த கதைய எழுதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கோலாலம்பூர்