வினாடி வினாவை நம்பி வாங்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழின் சிறுவர் பகுதியில் ‘தி வியூ ஃப்ரம் சாட்டர்டே’ நாவலுக்கு ஒரு சின்ன அறிமுகம் வந்திருந்தது. விருது வாங்கிய புத்தகம், அதிபுத்திசாலிப் பிள்ளைகள் நாலு பேர் வினாடி வினாவில் ஜெயிக்கும் கதை, வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊக்கம் தரும் என்று எழுதியிருந்தீர்கள். தகவலில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதை நம்பி வாங்குகிற பெற்றோரில் பாதிப் பேர் ஏமாந்துபோவார்கள். நான் இருப்பது அமெரிக்காவில், ஒஹாயோவில். இங்கே பல வருஷமாக இந்தப் புத்தகத்தை ஆளுக்கு ஆள் தூக்கிவைத்துக் கொண்டாடுவதையும் பாதியில் மூடிவைப்பதையும் பார்த்துக்கொண்டிருப்பதால்தான் இந்தக் கடிதம்.

எழுதியவர் ஈ. எல். கோனிக்ஸ்பர்க். 1996ல் வந்தது, 1997ல் நியூபெரி பதக்கம் கிடைத்தது, சிறுவர் புத்தகங்களுக்கு அமெரிக்காவில் தரும் பெரிய விருது அது. வேதியியல் படித்த அந்த அம்மா 1968லேயே ஒரு நியூபெரி வாங்கியவர், அது அக்காவும் தம்பியும் வீட்டைவிட்டு ஓடிப்போய் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துக்குள் ஒளிந்து வாழும் கதைக்கு. அதே வருஷம் அவருடைய இன்னொரு புத்தகத்துக்கும் நியூபெரியின் அடுத்த நிலைக் கௌரவம் கிடைத்தது, அப்படி ஒரே வருஷத்தில் இரண்டையும் வாங்கியவர் வேறு யாரும் இல்லை. 29 வருஷம் கழித்து மறுபடியும் பதக்கம். அதனால் ஏதோ குருட்டு அதிர்ஷ்டத்தில் விருது வாங்கிய புத்தகம் என்று ஒதுக்கிவிட முடியாது.

கதை நடப்பது நியூயார்க் மாநிலத்தில் எபிஃபனி என்ற கற்பனை ஊரில். கார் விபத்தில் கணவரைப் பறிகொடுத்து, தானும் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்ட ஒலின்ஸ்கி டீச்சர், பத்து வருஷம் கழித்து ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கத் திரும்பி வருகிறார். நோவா, நாடியா, ஈதன், ஜூலியன் என்று நாலு பேரை வினாடி வினா அணிக்கு எடுக்கிறார். இந்த ஆறாங்கிளாஸ் அணி, பெரிய வகுப்பு அணிகளையெல்லாம் தாண்டி மாநில இறுதிப் போட்டிக்கே போய்விடுகிறது. ஏன் இந்த நாலு பேர் என்று யார் கேட்டாலும் டீச்சர் ஏதோ ஒரு பதிலைச் சொல்லிச் சமாளிக்கிறார், உண்மையான காரணம் அவருக்கே தெரியவில்லை. புத்தகத்தை இழுத்துக்கொண்டு போவது அந்தக் கேள்விதான்.

இப்போது வாசகர்கள் பக்கம் வருகிறேன். ஒஹாயோவில் திறமை கூடிய பிள்ளைகளைப் பள்ளிகள் சோதனை வைத்து அடையாளம் காண வேண்டும் என்று சட்டமே இருக்கிறது (அவர்களுக்குத் தனி வகுப்பு நடத்தியே ஆக வேண்டும் என்று மட்டும் சட்டம் இல்லை, அது தனிக் கூத்து). நம் ஆட்கள் மத்தியில் இந்த ‘கிஃப்டட்’ முத்திரைக்கு இருக்கும் மவுசை நான் சொல்லத் தேவையில்லை. அந்த நினைப்பில் இந்தப் புத்தகத்தை வாங்குகிறவர்கள், இந்தப் பிள்ளைகள் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், என்ன படித்தார்கள், எப்படித் தயாரானார்கள் என்று தேடுகிறார்கள். அதைப் பற்றிப் பெரிதாக எதுவும் இல்லை. நோவாவின் பகுதி, தாத்தா பாட்டி வீட்டில் தங்கிவிட்டு வந்ததற்கு நன்றிக் கடிதம் எழுது என்று அம்மா நச்சரிப்பதில் ஆரம்பிக்கிறது, அவன் அங்கே ஃபுளோரிடாவில் ஒரு வயதான ஜோடியின் கல்யாணத்தில் எதிர்பாராமல் மாப்பிள்ளைத் தோழனாக நிற்க நேர்ந்த கதைக்குப் போய்விடுகிறது. நாடியாவின் பகுதியில் கடலாமைகள். ஈதன் வாயே திறக்காதவன். நாலு பேரும் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஜூலியன் வீட்டில் கூடி டீ குடிக்கிறார்கள், தலைப்பில் வரும் சனிக்கிழமை அதுதான். “இதில் எங்கே ஊக்கம் இருக்கிறது?” என்று ஒரு அப்பா என்னிடம் நிஜமாகவே கோபப்பட்டார்.

அடுத்த குறை, குழப்பம். போட்டி ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, நடுநடுவே நாலு பிள்ளைகளும் பழைய கதையைத் தங்கள் வாயால் சொல்கிறார்கள், காலம் முன்னும் பின்னும் போய்வருகிறது. அப்புறம் அந்தத் தற்செயல்கள்! நாடியாவின் தாத்தா கல்யாணம் பண்ணிக்கொள்வது ஈதனின் பாட்டியை. அந்தப் பாட்டி முன்பு ஒலின்ஸ்கி டீச்சருக்குத் தலைமையாசிரியை. நாடியாவின் அம்மா வேலை பார்ப்பது நோவாவின் அப்பாவுடைய பல் மருத்துவமனையில். நம் ஊர் மெகா சீரியலே பரவாயில்லை என்றாள் என் தோழி. எனக்கு இது பெரிய குறையாகப் படவில்லை. சின்ன ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில் வேண்டப்பட்டவராகத்தான் இருப்பார்கள். ஆனால் முதல் நாற்பது பக்கத்திலேயே ஒரு காகிதத்தில் உறவு முறை எழுதிவைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பது உண்மை.

எல்லாரும் ஒரே குரலில் சொல்கிற புகார் ஒன்று உண்டு. பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள் இப்படியா பேசுவார்கள்? ஜூலியனையாவது விட்டுவிடலாம். அவன் அப்பா சொகுசுக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர், இங்கிலாந்துப் பள்ளியில் படித்துவிட்டு முழங்கால் வரை காலுறையும் தோல் பையுமாக வந்து நிற்கிறான், அவன் அப்படிப் பேசினால் பொருந்துகிறது. மற்ற மூன்று பேரும் அதே அலங்காரத்தோடு, அதே கிண்டலோடு யோசிக்கும்போது அவர்கள் தொண்டைக்குள் எழுத்தாளர் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. இந்தப் புகார் நியாயமானது, புத்தகத்தைப் பிடித்தவர்கள் இதற்கு வைத்திருக்கும் “அவர்கள் அறிவாளிகள் ஆயிற்றே” என்ற சமாதானத்தை நான் ஏற்கவில்லை. அறிவாளிப் பிள்ளைகளும் உளறுவார்கள். என் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது.

என் குறை வேறு. ஜூலியனை வம்புக்கு இழுக்கும் பையன்களுக்கு இந்தப் புத்தகத்தில் மனசு என்று ஒன்று கொடுக்கப்படவேயில்லை. நாலு பேருக்கும் தாத்தா, பாட்டி, பிரிந்துபோன பெற்றோர், வருத்தம், கோபம் எல்லாம் இருக்கிறது, அந்தப் பையன்கள் வருவார்கள், கெட்டது செய்வார்கள், போவார்கள். கருணையைப் பற்றி இவ்வளவு அக்கறையாக எழுதியவர் அவர்களிடம் மட்டும் கையை இறுக்கிக்கொண்டது எனக்கு உறுத்துகிறது.

ஆனாலும் நான் பிடித்தவர்கள் கட்சிதான். ஜூலியனின் தோல் பையில் யாரோ அவனைக் கேவலப்படுத்தி ஒரு வரி கிறுக்கிவிடுகிறார்கள். அவன் அதை அழிக்கவில்லை, யாரிடமும் புகார் சொல்லவில்லை, அதே எழுத்துகளோடு இன்னும் சில எழுத்துகளைச் சேர்த்து, பூமி என்கிற விண்கலத்தில் நான் ஒரு பயணி என்று படிக்கும்படி மாற்றிவிடுகிறான். இன்னொரு இடம், கல்வி அதிகாரி ஒருவர் பன்முகத்தன்மை பற்றி மூன்று நாள் பயிற்சி முடித்த மிதப்போடு வந்து, அணியை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று டீச்சரைக் கேட்கிறார். பன்முகத்தன்மைக்காகத்தான் ஒவ்வொரு முடி நிறத்திலும் ஒருவரை எடுத்தேன் என்று டீச்சர் முகம் மாறாமல் பதில் சொல்கிறார். இப்போது அலுவலகங்களில் நடக்கும் பயிற்சிகளில் உட்கார்ந்திருக்கிற எவருக்கும் இதைப் படித்தால் சிரிப்பு வரும், 1996ல் எழுதியது என்று நம்பவே முடியாது.

பெரியவர்களுக்குப் பிடிப்பதால்தானே விருது என்று கேட்கலாம். கேட்டிருக்கிறார்கள். நியூபெரியைத் தேர்வு செய்வது அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறுவர் நூலகப் பிரிவு அமைக்கும் குழு, குழந்தைகள் ஓட்டுப் போட்டுத் தருவது கிடையாது. 2008ல் அனிதா சில்வி என்ற சிறார் இலக்கிய விமர்சகர், நியூபெரி வழி தவறிவிட்டதா என்று கேட்டு நூலகர்களுக்கான இதழ் ஒன்றில் எழுதி, அது பெரிய சண்டையானது. அவர் கேள்வி எழுப்பியது அந்தச் சமயத்து விருதுகளைப் பற்றி, ஆனால் அந்தக் கேள்வி இந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும்.

என் மகள் ஆறாம் வகுப்பில் இதைப் படித்தபோது நோவாவின் பகுதியில் கொட்டாவி விட்டாள். நாடியாவின் பகுதியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அம்மா அப்பா பிரிந்து இரண்டு மாநிலங்களுக்கு நடுவே அல்லாடும் அந்தப் பெண், எல்லார்மேலும் கோபத்தில் ஆமை பார்க்கப் போவதையே நிறுத்திவிடுகிறாள். அப்புறம் புயலடித்து, நடுக்கடல் வரை நீந்திப்போன ஆமைக் குஞ்சுகளைக் கரைக்கே திருப்பி அடித்துக்கொண்டு வரும்போது, அவற்றை வாளியில் அள்ளிக் காப்பாற்றப் போகலாம் என்று சொல்வதும் அவள்தான். அந்தப் பகுதியை என் மகள் இரண்டாம் தடவை படித்தாள். கடைசியில் டீச்சர் பிள்ளைகளிடம், நான் உங்களைத் தேர்ந்தெடுத்தேனா, நீங்கள் என்னைத் தேர்ந்தெடுத்தீர்களா என்று கேட்க, அவர்கள் ஆமாம் என்று மட்டும் சொல்கிறார்கள். “இது ஏமாற்று வேலை” என்று புத்தகத்தை மூடினாள். எனக்கோ அந்த ஆமாம் ரொம்பப் பிடிக்கும்.

ஆசிரியர் அவர்களுக்கு இரண்டு கோரிக்கைகள். அறிமுகத்தில் எட்டு வயது முதல் என்று போட்டிருக்கிறீர்கள். அந்த வயசுக்கு இது எட்டாது, பதினொன்று என்று திருத்திப் போடுங்கள். அடுத்து, இந்த மாதிரி புத்தகங்களை அறிமுகம் செய்யும்போது படித்துப் பிடித்த பிள்ளை ஒருவரிடமும் பிடிக்காத பிள்ளை ஒருவரிடமும் நாலு வரி எழுதி வாங்கி, எங்களைப் போன்ற பெரியவர்களின் அபிப்பிராயத்துக்கு மேலே போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
ஒஹாயோ, அமெரிக்கா