ஏழு வருட ஒப்பந்தம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போனில் பேசினால் நீ அழுவாய், நான் அதட்டுவேன், நடுவில் அப்பா போனைப் பிடுங்கி வீட்டுக் கடனைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். அதனால்தான் கடிதம்.

நீ சொன்னதில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான். அந்த விளையாட்டு நிறுவனத்தில் சேர்ந்த நாளிலிருந்து அதே மஞ்சள் கரடியை வரைந்துகொண்டிருக்கிறாய். குதிக்கிற கரடி, கொட்டாவி விடுகிற கரடி, கிறிஸ்துமஸ் குல்லாய் போட்ட கரடி. உலகம் முழுக்கக் குழந்தைகள் அதைக் கொஞ்சுகிறார்கள். உனக்கு அதன் மூஞ்சியைப் பார்த்தாலே குமட்டுகிறது. வேலையை விட்டுவிட்டு உன் சொந்தப் படப் புத்தகத்தை வரையப் போகிறாய். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டாயோ, கோபம் என்று எடுத்துக்கொண்டாயோ, தெரியவில்லை. இரண்டும் இல்லை. எனக்கு அந்த நேரத்தில் நீ இப்போது இருக்கிற பின்லாந்தைச் சேர்ந்த ஒருவரின் ஞாபகம் வந்துவிட்டது.

ஓவியரும் எழுத்தாளருமான டோவே யான்சனைத்தான் சொல்கிறேன். மூமின் என்ற வெள்ளை உருண்டைப் பிராணிகளை வைத்து அவர் எழுதி வரைந்த புத்தகங்களை அலமாரியில் விட்டுப் போனவள் நீ. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தேன். பிறகு அவருடைய வாழ்க்கையைப் பற்றியும் தேடித் தேடிப் படித்தேன். இத்தனை காலம் பிள்ளைகளுக்கு மாம்பழமும் பூச்சாடியும் வரையச் சொல்லிக்கொடுத்தவளுக்கு அந்தக் கோடுகள் பெரிய பள்ளிக்கூடமாக இருந்தன.

அவர் பிறந்தது 1914 ஆகஸ்ட் 9, ஹெல்சின்கியில். அப்பா விக்டர் சிற்பி. அம்மா சிக்னே, வீட்டில் ஹாம் என்று கூப்பிடுவார்கள், சுவீடன்காரர். சிற்பிக்கு வருமானம் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அந்த வீட்டில் அடுப்பெரிந்தது ஹாமின் பேனாவால்தான். பின்லாந்தின் அஞ்சல் தலைகளை வரைந்தார், பத்திரிகைகளுக்குக் கேலிச்சித்திரம் போட்டார், அட்டைப்படம் போட்டார். படம் வரைந்து குடும்பம் நடத்த முடியும் என்பதை அந்தப் பெண் குழந்தை பேச்சிலிருந்து தெரிந்துகொள்ளவில்லை, அம்மாவின் மேசையில் கண்ணால் பார்த்தது. டோவேயும் பதினைந்து வயதிலேயே கார்ம் என்ற அரசியல் நையாண்டிப் பத்திரிகைக்கு வரைய ஆரம்பித்துவிட்டார். 1938இல் அதில் ஹிட்லரை, கேக் போதாது என்று வீறிட்டு அழுகிற குழந்தையாக வரைந்தார். பின்லாந்து எந்தப் பக்கம் சாயுமோ என்று எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டிருந்த காலம் அது. கோப்பையிலும் போர்வையிலும் அந்த வெள்ளை உருண்டைகளைப் பார்த்துவிட்டு "எவ்வளவு அழகு" என்று போகிறவர்கள் இதை அறிந்தால் நல்லது.

மூமின் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஸ்டாக்ஹோமில் மாமா வீட்டில் தங்கிப் படித்த காலத்தில் டோவே ராத்திரியில் சமையலறைக்குப் போய்த் தின்பண்டம் திருடுவாராம். அடுப்புக்குப் பின்னால் மூமின் பூதங்கள் இருக்கின்றன, திருடுகிறவர்களின் பிடரியில் சில்லென்று ஊதும் என்று மாமா மிரட்டி வைத்தார். நம் ஊர்ப் பூச்சாண்டிதான், கொஞ்சம் குளிரூட்டப்பட்ட பூச்சாண்டி. அதைத்தான் இவர் பின்னால் உருட்டித் திரட்டி, நீள மூக்கும் சன்னமான வாலும் வைத்து, யாரும் பயப்படாத பிராணி ஆக்கிவிட்டார்.

1939 குளிர்காலத்தில் ரஷ்யா படையெடுத்து வந்தபோது படம் வரைவதே அர்த்தமில்லாததாகப் போய்விட்டது அவருக்கு. தூரிகையை வைத்துவிட்டுக் கதை எழுத ஆரம்பித்தார். பாதியில் நின்ற அந்தக் கதை 1945இல்தான் மெல்லிய புத்தகமாக வந்தது, அதிகம் விற்கவில்லை. காணாமற்போன அப்பாவைத் தேடி ஒரு தாயும் பிள்ளையும் வெள்ளத்தில் அலைகிறார்கள். அந்த வருடம் ஐரோப்பாவில் எத்தனை குடும்பங்களுக்கு அது வெறும் கதையாக இருந்திருக்கும்? அடுத்த ஆண்டு வந்த புத்தகத்தில் பூமியை மோத ஒரு வால்நட்சத்திரம் வருகிறது. 1948இல் வந்த மூன்றாவது புத்தகம்தான் ஆங்கிலத்துக்குப் போய் உலகத்தைப் பிடித்தது.

இனிதான் உன் விஷயம்.

1952இல் லண்டனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்குள்ள நாளிதழுக்குப் படக்கதைத் தொடர் வேண்டும். வாரத்துக்கு ஆறு பட்டைகள், அதாவது நாளுக்கு ஒரு வரிசைப் படக்கட்டங்கள், ஏழு வருட ஒப்பந்தம், மாதச் சம்பளம். டோவே கையெழுத்துப் போட்டார். வாடகைக்கு அல்லாடிய ஓவியருக்கு நிலையான பணம். தொடரை முடித்துவிட்டு மிச்ச நேரத்தில் நிம்மதியாக ஓவியம் தீட்டலாம் என்ற கணக்கு. நீ அந்த நிறுவனத்தில் சேர்ந்தபோது என்னிடம் சொன்ன கணக்கும் இதுதான், ஒரு எழுத்து மாறாமல்.

1954 செப்டம்பரில் தொடர் ஆரம்பித்தது. உச்சத்தில் 40 நாடுகளில் சுமார் 120 பத்திரிகைகளில் வந்தது. அந்தப் பட்டைகளை நீ உருப்பெருக்கி வைத்துப் பார்க்க வேண்டும். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் நாமெல்லாம் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவோம். இவர் அந்தக் கோட்டைக் கூட வீணாக்கவில்லை. கதை வீட்டுக்குள் நடந்தால் நடுக்கோடு ஒரு துடைப்பக்கட்டை. மழை பெய்தால் அது ஒரு குடையின் காம்பு. இன்னோர் இடத்தில் தூணாக நிற்கும். தினமும் காலக்கெடுவுக்கு அலறி அடித்து வேலை செய்தவருக்கு இந்த வம்பு எதற்கு? யாரும் கேட்கவில்லை, யாரும் கூடுதலாகக் காசு தரவில்லை. எனக்கு அவர்மேல் மரியாதை வந்த இடம் அதுதான்.

மிச்ச நேரம் மட்டும் மிஞ்சவே இல்லை. தொடர் அவருடைய நாளையெல்லாம் தின்றது. பொம்மை செய்கிறவர்கள், மிட்டாய் செய்கிறவர்கள் எல்லோரும் அனுமதி கேட்டு வரிசையில் நின்றார்கள். ஒரு கட்டத்தில் மூமின் என்ற பேச்சே அவருக்குக் கசந்துபோனது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

அந்தக் கசப்பின் நடுவிலேதான் 1957இல் ஒரு குளிர்காலப் புத்தகம் எழுதினார். மூமின்கள் குளிர்காலம் முழுக்கத் தூங்குகிறவர்கள். ஒரு வருடம் பிள்ளை மட்டும் நடுவில் விழித்துவிடுகிறான். வீட்டில் மற்ற எல்லோரும் தூங்குகிறார்கள், வெளியே அவன் பார்த்தறியாத பனி. அவனுக்குக் குளிரில் வாழக் கற்றுத்தருகிறவள் டூ-டிக்கி என்ற கட்டைகுட்டையான பெண். நிஜத்தில் அவள் டூலிக்கி பியெட்டிலா, டோவேயின் வாழ்நாள் துணையாக இருந்த ஓவியர். உன் ஊரில் 1971 வரை அப்படி வாழ்வது சட்டப்படி குற்றம், அவர்கள் வாழ்ந்தார்கள். இதில் அப்பாவுக்குக் கொஞ்சம் சங்கடம், எனக்கு இல்லை. அந்தப் புத்தகத்தின் படங்களைச் சுரண்டல் முறையில் செய்திருக்கிறார்: கருமை பூசிய அட்டையைக் கூர்முனையால் கீறி, வெள்ளைக் கோட்டை வெளியே எடுப்பது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மெழுகு தேய்த்து, மேலே கறுப்பு மசி பூசி நான் செய்யச் சொல்வேனே, கிட்டத்தட்ட அதுதான். துருவத்து இரவை வரைய அதைவிடப் பொருத்தமான வழி கிடையாது. கை சலித்திருந்தவர் கருவியை மாற்றிக்கொண்டார் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு எப்படி வெளியே வந்தார் என்பதைக் கவனி. நாளைக்கு வரமாட்டேன் என்று எழுந்து போகவில்லை. தம்பி லார்ஸ் ஆரம்பத்தில் வசனங்களை ஆங்கிலத்தில் மாற்றிக்கொடுத்தார், பிறகு கதை யோசிக்க உதவினார், கடைசியில் வரையவும் கற்றுக்கொண்டார். 1959இல் ஒப்பந்தம் முடிந்தபோது டோவே புதுப்பிக்கவில்லை. லார்ஸ் 1975 வரை அதே தொடரைத் தனியாக நடத்தினார். தொடர் நின்றுபோகவில்லை, டோவே மட்டும் அதில் இல்லை.

விட்டபின் என்ன ஆயிற்று என்றும் சொல்ல வேண்டுமே. ஆசைப்பட்டபடியே மறுபடி தீவிரமாக ஓவியம் தீட்டினார், கண்காட்சிகள் வைத்தார். ஓவியராக அவருக்கு மூமின் அளவுக்குப் பெயர் வரவில்லை. இதை உனக்கு மறைத்தால் நான் விளம்பரக்காரி ஆகிவிடுவேன். உன் படப் புத்தகமும் அப்படி ஆகலாம்.

ஆனால் 1962இல் ஒரு சிறுகதைத் தொகுப்பு வந்தது. அதில் ஒரு கதைக்காகவே அந்தத் தொடரை அவர் விட்டது தகும் என்பேன். நின்னி என்று ஒரு சிறுமி. அவளை வளர்த்த பெண் அடிக்கவில்லை, திட்டவில்லை. நாள் முழுக்கக் குளிர்ந்த குரலில் குத்திக்காட்டிக்கொண்டே இருந்தாள். பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டாள். எங்கே இருக்கிறாள் என்று தெரிய கழுத்தில் ஒரு சின்ன மணி. டூ-டிக்கி அவளை மூமின் வீட்டில் கொண்டுவந்து விடுகிறாள். மூமின் அம்மா தன் பாட்டியின் கைவைத்தியக் குறிப்பைத் தேடி எடுத்து மருந்து கலந்து கொடுக்கிறாள், ஆள் தெரியாத பிள்ளைக்கு ஓர் உடை தைக்கிறாள். முதலில் பாதங்கள் தெரிகின்றன, பிறகு கால், பிறகு உடம்பு. முகம் மட்டும் வரவே இல்லை. ஒரு நாள் கடற்கரையில், படகுத்துறையில் உட்கார்ந்திருக்கும் மூமின் அம்மாவைத் தண்ணீரில் தள்ளப்போவது போல் அப்பா பூனைநடை போட்டு வருகிறார். விளையாட்டுக்குத்தான். நின்னிக்கு அது தெரியாது. பாய்ந்து அவர் வாலைக் கடித்துவிடுகிறாள். அந்தக் கணத்தில் அவள் முகம் தெரிகிறது: செம்பட்டை முடி, சப்பை மூக்கு, கடுங்கோபம்.

அதைப் படித்ததும் எனக்கு உன் பேச்சில் இன்னொன்று ஞாபகம் வந்தது. கரடியைப் பற்றி நீ ஐந்து நிமிடம் குறை சொன்னாய். உன் குழுத் தலைவரைப் பற்றி அரை மணி நேரம் சொன்னாய். கத்தமாட்டார், சிரித்துக்கொண்டே "இதைவிட நன்றாக வரும் என்று நினைத்திருந்தேன்" என்பார். கூட்டத்தில் நீ பேசினால் கைப்பேசியைப் பார்ப்பார். உன்னை மங்கச் செய்தது கரடியா, அந்த ஆளா? கரடி என்றால் வேலையை விடு. அந்த ஆள் என்றால் முதலில் வேறு குழு கேள், இல்லாவிட்டால் ஒரு தடவையாவது கோபப்படு. எங்கள் வீட்டில் பிறந்து உனக்குக் கோபம் வராது என்றால் நான் நம்பமாட்டேன்.

டோவே பிற்பாடு டூலிக்கியோடு க்ளோவ்ஹாரு என்ற பாறைத் தீவில் குடிசை கட்டிக்கொண்டார். ஒரே அறை, நாலு பக்கமும் ஜன்னல், மின்சாரம் கிடையாது. ஏறக்குறைய முப்பது கோடைகள் அங்கே. அங்கேயும் பிள்ளைகளின் கடிதங்கள் விடவில்லை. வருடத்துக்கு இரண்டாயிரம் வருமாம், கையாலேயே பதில் எழுதினார். தொடரை விட்டாலும் புத்தகங்களை உடனே விடவில்லை. 1966இல் குழந்தை இலக்கியத்துக்கான ஆண்டர்சன் விருது வந்தது. 1970இல் ஹாம் இறந்துபோனார். அந்த ஆண்டு வந்ததுதான் கடைசி மூமின் நாவல், அதில் மூமின் குடும்பமே வருவதில்லை. மற்றவர்கள் காலி வீட்டில் உட்கார்ந்து அவர்களுக்காகக் காத்திருக்கிறார்கள். 1972இல் பெரியவர்களுக்கு எழுதிய கோடைப் புத்தகத்தில் ஒரு தீவு, ஒரு பாட்டி, ஒரு பேத்தி. அந்தப் பாட்டி சிகரெட் பிடிப்பாள், பக்கத்துத் தீவில் பணக்காரர் கட்டிய வீட்டுப் பூட்டை நெம்பி உள்ளே போவாள். உனக்குக் குழந்தை பிறந்தால் நானும் அப்படித்தான் இருக்கலாம் என்று இருக்கிறேன்.

வேலை வைக்காமல் கடிதத்தை முடித்தால் நான் உன் அம்மா இல்லை. ஹெல்சின்கி கலை அருங்காட்சியகத்தில் அவர் 1947இல் தீட்டிய இரண்டு பெரிய சுவரோவியங்கள் இருக்கின்றன. நகரத்து விருந்தைக் காட்டும் படத்தில் முன்னால் மேசையில் அவரே உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு குட்டி மூமினும் உண்டு. போய்ப் பார்த்து, சுவரில் வண்ணத்தை எப்படி ஏற்றியிருக்கிறார் என்று எழுது. படம் எடுத்து அனுப்பாதே, படத்தில் அது தெரியாது.

அப்புறம், வேலையை விட்டால் உன் குடியிருப்பு அனுமதி எத்தனை மாதம் செல்லும் என்று எழுத்தில் கேட்டு வாங்கு. கையில் எவ்வளவு இருக்கிறது, மாத வாடகை எவ்வளவு என்று ஒரு தாளில் போட்டு அனுப்பு. அப்பா பார்க்கட்டும், கணக்கைப் பார்த்தால் அவர் அடங்கிவிடுவார். கரடியை உனக்குப் பிறகு வரையக்கூடிய ஆள் அந்தக் குழுவில் யார்? போன முறை தன் வரைபடத்தைத் திருத்தித் தரச் சொல்லி உன்னிடம் வந்தாளே ஒரு பெண், அவள் ஆவாளா? கரடியின் காதை அவள் ஒழுங்காகப் போட எத்தனை மாதம் பிடிக்கும் என்று யோசித்து அதையும் எழுது.

அன்புடன்,
அம்மா